பசறையில் இரண்டு இறுவட்டுகள்: வீட்டிலுள்ள ஒலித்தட்டுகளைக் கணினிக் கோப்பாக்குவது எப்படி?

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியிலுள்ள தோட்டமொன்றின் லயன் அறையில், கடந்த வருடம் ஓர் அக்கா பழைய பிஸ்கட் தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு வட்டுகளை என் கையில் தந்தார். ஒன்று, நகரத்துக் கடையில் பதிந்த வெள்ளை இறுவட்டு. அதன்மேல் கறுப்பு மையில் ‘அண்ணன் 2003’ என்று எழுதியிருந்தது. மற்றையது ரொறொன்ரோவிலிருந்து உறவினர் அனுப்பிய டிவிடி. அதன் உறையில் ‘24 பிட் / 96’ என்று இருந்தது.

“ரெண்டுலயும் அண்ணன் பேசுறதுதான் தம்பி. சீடி போட்டா நடுவுல குதிக்குது. மத்தது எங்க பிளேயர்ல ஓடவே மாட்டேங்குது. போன்ல போட்டுத் தர முடியுமா?” என்று கேட்டார்.

1977 ஓகஸ்ட் வன்முறைக்குப் பிறகு தோட்டத்தைவிட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் இவருடைய பெரியப்பா குடும்பமும் ஒன்று. பதினேழு வயது அண்ணனும் அவர்களுடன் போனார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் 2002 போர்நிறுத்தத்தின் பின் ஏ9 வீதி திறந்ததும் அண்ணன் கடிதம் எழுதவில்லை. ஒலிநாடாவில் பேசிக் கொடுத்தனுப்பினார். 2009இன் முதல் மாதங்களுக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அம்மா 2011இல் இறந்தார். ஒலிநாடா, கூரை ஒழுகி நனைந்த பெட்டியோடு போய்விட்டது. மிஞ்சியவை இந்த இரண்டு வட்டுகள்தான். பெயர்களையும் தோட்டத்தையும் குடும்பத்தின் விருப்பப்படி குறிப்பிடவில்லை.

இப்படியான வட்டுகள் எங்களில் பலருடைய வீடுகளில் இருக்கின்றன. வட்டிலிருந்து ஒலியைக் கணினிக்கு எடுக்கும் முறைகளைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவை பெரும்பாலும் விலையுயர்ந்த இசைத்தட்டுகளை வைத்திருப்பவர்களுக்கானவை. அதே முறைகளை லயன் அறைக்கும் முகாமிலிருந்து திரும்பிய வீட்டுக்கும் பொருந்தும்படி இங்கே தருகிறேன்.

உங்களிடம் இருப்பது எந்த வகை வட்டு?

பார்வைக்கு எல்லாம் ஒரே 12 சென்ரிமீற்றர் வட்டு. உள்ளே இருப்பது வேறு வேறு. எடுக்கும் முறையும் அதற்கேற்ப மாறும்.

முதலாவது, சாதாரண ஒலி இறுவட்டு. சொனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982இல் சந்தைக்கு வந்தது. ஒலியை ஒரு செக்கனுக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி வைக்கிறது. கடையில் பதிந்த வெள்ளை வட்டும் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும். ஆனால் தொழிற்சாலை வட்டில் ஒலி பள்ளங்களாக அச்சிடப்பட்டிருக்கும். கடையில் பதிந்த வட்டில் சாயப் படையொன்றை லேசர் சுட்டு அடையாளம் வைத்திருக்கும். அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் ஈரத்திலும் கெடும்.

இரண்டாவது, எம்பி3 வட்டு. கணினியில் திறந்தால் கோப்புகள் அப்படியே தெரியும். இவற்றில் ஒலியின் ஒரு பகுதி ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதும்.

மூன்றாவது, தரவு டிவிடி. ரொறொன்ரோவிலிருந்து வந்தது இதுதான். இதில் ‘வேவ்’ கோப்புகள் இருந்தன. சாதாரண டிவிடி பிளேயர் பலவற்றுக்கு இவை புரியாது. கணினிக்குப் புரியும்.

நான்காவது, உயர் நுணுக்க ஒலித்தட்டுகளாக விற்கப்பட்டவை. 1999இல் வந்த சூப்பர் ஓடியோ சீடியும் 2000ஆம் ஆண்டளவில் வந்த டிவிடி ஓடியோவும் இந்த வகை. எங்கள் பக்கத்தில் இவை அரிது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டிகளில் எப்போதாவது வரும்.

சூப்பர் ஓடியோ சீடி வேறு முறையில் இயங்குகிறது. ஒரு பிட் அளவையைச் செக்கனுக்கு 28 இலட்சத்து 22 ஆயிரத்து 400 தடவை எடுக்கிறது. அந்த அடர்த்தியான படையைக் கணினியின் வட்டு வாசிப்பான் படிக்காது. பிளேஸ்டேஷன் 3இன் ஆரம்பகால மாதிரிகள் சிலவற்றையும் குறிப்பிட்ட சில பிளேயர்களையும் வைத்து அதை எடுக்கிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். இந்த வட்டுகளில் பெரும்பாலானவற்றில் சாதாரண இறுவட்டுப் படையொன்றும் சேர்ந்தே இருக்கும். வீட்டில் கேட்பதற்கு அந்தப் படையைச் சாதாரண முறையில் எடுத்தாலே போதும்.

டிவிடி ஓடியோவில் இருவழி ஒலி 24 பிட், 192 கிலோ ஹேர்ட்ஸ் வரை இருக்கலாம். வட்டைக் கணினி வாசிக்கும். ஒலியைக் கோப்பாக்க, ஃபூபார்2000 மென்பொருளுடன் அதற்குரிய துணைக்கூறொன்றைச் சேர்க்க வேண்டும்.

விலைக்கு வாங்கிய இசைத்தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து சொந்தப் பாவனைக்காக ஒரு பிரதி எடுக்க இடம் தருகிறது. அதைப் பகிர்வதோ விற்பதோ இதற்குள் அடங்காது. உங்கள் அண்ணன் உங்களுக்குப் பேசி அனுப்பிய குரலுக்கு இந்தக் கவலை தேவையில்லை.

பிளேயரில் ஓடுகிறதே, பிறகென்ன?

பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அக்காவின் வீட்டிலும் 2015 வரை அந்த வட்டு நன்றாகத்தான் ஓடியதாம்.

ஒலி இறுவட்டில் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு ஒன்று உள்ளேயே இருக்கிறது. சிறிய கீறல் என்றால் மிச்சத் தரவிலிருந்து விடுபட்டதைச் சரியாகக் கணித்துவிடும். அதற்கு மேல் போனால் பிளேயர் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள ஒலியைப் பார்த்து நடுவில் ஓர் உத்தேச ஒலியை வைத்து நிரப்பும். அதற்கும் முடியாத இடத்தில்தான் குதிக்கும். ஆகவே காதுக்குக் கேட்கும்படி வட்டு குதிக்கத் தொடங்கும்போது, அது கெடத் தொடங்கி நீண்ட காலம் ஆகியிருக்கும்.

ஊவாவின் காலநிலையும் இதற்கு உதவாது. பதுளைப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெருமழை. கார்த்திகையிலிருந்து தை வரை லயன் அறைச் சுவர்கள் காய்வதில்லை. ஒரே அறையில் அடுப்பும் எரியும். தகரக் கூரையின் பகல் சூடும் இரவுக் குளிரும் ஈரமும் புகையும் சேர்ந்தால் சாயப் படை தாங்காது. வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுவதுதான் புத்தி.

எடுப்பதற்கு முன்

வட்டைப் போட்டுக் கேட்டுப் பார்க்காதீர்கள். முதலில் இரண்டு பக்கத்தையும் உறையையும் படம் எடுங்கள். வட்டில் எழுதியிருக்கும் பெயரும் ஆண்டும் ஒலியைப் போலவே முக்கியம்.

தூசி இருந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைக்கவும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமான கீறல் தொடர்ச்சியான தரவை அழிக்கும். குறுக்குக் கீறலைத் திருத்தும் ஏற்பாடு சமாளித்துக்கொள்ளும். பற்பசை பூசுவது, பிரிட்ஜில் வைப்பது போன்ற கைமருந்துகள் வேண்டாம்.

மேற்பக்கத்தையும் கவனியுங்கள். இறுவட்டில் ஒளியைத் திருப்பும் மெல்லிய படை மேற்பக்கத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கீறல் கீழ்ப்பக்கத்துக் கீறலைவிட ஆபத்தானது. ஒட்டியிருக்கும் காகித லேபலை உரிக்க முயன்றால் அந்தப் படையும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே விடுங்கள்.

எடுக்கும் முறை

புதிய மடிகணினிகளில் வட்டு வாசிப்பான் இருப்பதில்லை. யூஎஸ்பியில் பொருத்தும் வெளி வாசிப்பான் ஒன்று தேவை. பழைய கணினியின் வாசிப்பான் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விண்டோஸில் ‘எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி’, மெக் கணினியில் ‘எக்ஸ்எல்டி’, லினக்ஸில் ‘விப்பர்’ ஆகியவை இலவசமாகக் கிடைப்பவை. இவை பிளேயரைப் போல உத்தேசமாக நிரப்பிவிட்டுப் போகாமல், சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். எந்த இடத்தில் பிழை என்றும் அறிக்கை தரும். அந்த அறிக்கையை ஒலிக் கோப்போடு சேர்த்துச் சேமித்து வையுங்கள்.

தொழிற்சாலை வட்டாக இருந்தால் ‘அக்கியூரேட்ரிப்’ என்ற தரவுத்தளம் உதவும். உலகில் வேறு யாராவது அதே வட்டை எடுத்திருந்தால், அவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டுச் சொல்லும். வீட்டிலும் கடையிலும் பதிந்த வட்டுக்கு அப்படி ஒப்பிட உலகில் வேறு எதுவும் இருக்காது. ஆகவே நீங்களே இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் ஒரே சரிபார்ப்பு எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பியில் ‘சோதித்துப் பிரதியெடு’ என்ற கட்டளை இதையே செய்கிறது.

எண்கள் பொருந்தாவிட்டால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பிறகு வேறு வாசிப்பானில் போடுங்கள். ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று வாசிப்பது உண்டு. பழைய வாசிப்பானை எறிய வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

அக்காவின் வட்டு மொத்தம் 31 நிமிடம். என் மடிகணினியின் வாசிப்பான் 19ஆவது நிமிடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு நிமிடத்தை வாசிக்கவில்லை. நண்பரொருவரின் பழைய கணினியில் இரவு முழுக்க ஓடவிட்டதில் அது 11 செக்கனாகக் குறைந்தது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

எந்த வடிவத்தில் சேமிப்பது?

‘ஃபிளாக்’ என்ற வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். 2001இலிருந்து இருக்கிறது, எவருக்கும் இலவசம். ஒலியில் எதையும் நீக்காமல் சுருக்கும். விரித்தால் மூலத்தின் ஒவ்வொரு பிட்டும் திரும்ப வரும். ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பத்து வருடத்துக்குப் பிறகு கோப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிக்கலாம்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? சுருக்காத நிலையில் இறுவட்டுத் தரத்தில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 635 மெகாபைட். 24 பிட், 96 கிலோ ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 2.07 ஜிகாபைட். ஃபிளாக் ஆக்கினால் இது பெரும்பாலும் பாதியளவுக்கு இறங்கும். 128 கிலோபிட் எம்பி3 ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 மெகாபைட்தான்.

எம்பி3 வேண்டாம் என்று சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்கவும் பழைய பிளேயரில் யூஎஸ்பி குத்திக் கேட்கவும் அதுதான் வசதி. ஆனால் முதலில் ஃபிளாக். அதிலிருந்து கேட்பதற்கு ஓர் எம்பி3. கடைகளில் நேரே எம்பி3 ஆக எடுத்துக் கொடுத்து, வட்டை இனி எறிந்துவிடலாம் என்று சொல்வதுதான் நடக்கிறது. அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

பெரிய எண் நல்ல ஒலியா?

அக்காவின் பெட்டியிலிருந்த இரண்டு வட்டுகளில் எது நல்லது? எண்ணை மட்டும் பார்த்தால் 24 பிட், 96 கிலோ ஹேர்ட்ஸ் டிவிடிதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். 31 நிமிடத்துக்கு ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் இருந்தது.

இரண்டையும் ஹெட்போனில் மாறி மாறிக் கேட்டபோது, டிவிடியில் குரல் கம்பளிக்குப் பின்னாலிருந்து வருவது போலிருந்தது. ‘ச’, ‘த’ ஒலிகள் மழுங்கியிருந்தன. பின்னால் ஓர் உறுமல். கடையில் பதிந்த சாதாரண இறுவட்டில் குரல் தெளிவாக இருந்தது.

ரொறொன்ரோ உறவினரிடம் தொலைபேசியில் கேட்டேன். விடயம் எளிது. 2004இல் அவர்கள் ஊருக்கு வந்தபோது ஒலிநாடாவைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா கையைவிட்டுக் கொடுக்கவில்லை. இரட்டை ஒலிநாடாப் பெட்டியில் ஒரு பிரதி எடுத்துத்தான் கொடுத்திருக்கிறார். அந்தப் பிரதியைத்தான் அவர்கள் பிறகு நல்ல கருவியில், மிக உயர்ந்த தரத்தில் கணினிக்கு ஏற்றியிருக்கிறார்கள். வேலையில் குறை இல்லை. ஆனால் கருவிக்குப் போனது பிரதியின் பிரதி. பதுளைக் கடைக்காரர் 2006இல் பதிந்தது மூல ஒலிநாடாவிலிருந்து.

ஒலிநாடாவில் ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் இரைச்சல் கூடும், மேல் ஒலிகள் குறையும். அதன் பிறகு எத்தனை பிட்டில் எடுத்தாலும் போனது வராது. சாதாரண ஒலிநாடாவில் இரைச்சலுக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 50 டெசிபல். 16 பிட் இறுவட்டு ஏறக்குறைய 96 டெசிபலைத் தாங்கும். 44.1 கிலோ ஹேர்ட்ஸ் அளவை 22 கிலோ ஹேர்ட்ஸ் வரையான ஒலியைப் பிடிக்கும். மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20தான். ஆகவே ஒலிநாடாவிலிருந்த குரலுக்கு இறுவட்டின் கொள்ளளவு போதுமானதுதான்.

24 பிட்டுக்கு உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒலிநாடாவிலிருந்து முதன்முதலில் கணினிக்கு ஏற்றும்போது, ஒலி மட்டத்தைத் தாழ்வாக வைத்துப் பயமின்றிப் பதிய அது இடம் தரும். ஒலி, காணொலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் அதனால்தான் இந்த வேலைக்குக் குறைந்தது 24 பிட், 48 கிலோ ஹேர்ட்ஸ் என்று வைத்திருக்கிறது. ஏற்கெனவே 16 பிட்டில் இருக்கும் இறுவட்டை 24 பிட் ஆக மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். கோப்பு பெரிதாகும், ஒலி அதேதான்.

கோப்பு எங்கிருந்து வந்தது என்று சந்தேகமிருந்தால் ‘ஓடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் திறந்து அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். 128 கிலோபிட் எம்பி3இலிருந்து வந்த ஒலி பெரும்பாலும் 16 கிலோ ஹேர்ட்ஸை அண்டி அடிமட்டம் வைத்து வெட்டியது போல் நின்றுவிடும். மேலே எந்த எண் எழுதியிருந்தாலும் அது எம்பி3தான்.

ஆகவே வட்டின் உறையிலுள்ள எண்ணைப் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: இது எதிலிருந்து எடுத்தது? அதற்கு முன் அது எதிலிருந்து எடுத்தது? பதில் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

டிவிடியும் வீணாகவில்லை. இறுவட்டில் வாசிக்க முடியாத அந்த 11 செக்கன் அதில் முழுமையாக இருந்தது. அந்த இடத்தில் அண்ணன் தன் நான்கு வயது மகளை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் அழைக்கிறார். குழந்தை “அப்பாயி” என்று ஒரே ஒரு சொல் சொல்கிறது.

இரண்டு வட்டுகளின் கோப்புகளையும் தனித்தனியே அப்படியே வைத்தேன். மூன்றாவதாக, கேட்பதற்கென்று ஒரு கோப்பு செய்து, 11 செக்கனை டிவிடியிலிருந்து எடுத்து ஒட்டினேன். எந்த நிமிடத்தில் ஒட்டியது என்பதைப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மங்கலான பிரதி என்று எதையும் எறியாதீர்கள். நல்ல பிரதியில் இல்லாதது அதில் இருக்கலாம்.

ஒலிநாடா இன்னும் இருக்கிறதா?

இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இறுவட்டாக்கப் போக வேண்டாம். நேரே கணினிக்கு ஏற்றுங்கள். நல்ல ஒலிநாடாப் பெட்டி, அதன் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து யூஎஸ்பி ஒலி இடைமுகத்துக்கு ஒரு வயர், ஓடாசிட்டி. இவ்வளவுதான் தேவை. மடிகணினியின் ஒலிவாங்கித் துளையில் நேரே குத்தினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

முதலில் ஒலிநாடாவின் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடைகளையும் உடைத்துவிடுங்கள். தவறி மேலே பதிந்து அழிந்துபோகாது. பெட்டியின் தலைப்பகுதியை ஐசோபுரோபைல் அற்ககோலால் துடையுங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடவே கூடாது. பூஞ்சணம் தலைப்பகுதியில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் போகும், மூச்சுக்கும் கூடாது. அதைத் தனியாகக் காற்றுப்புகாத உறையில் போட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

ஒரே வீட்டில் மூன்று பிரதி வைத்திருப்பது ஒரு பிரதி வைத்திருப்பதற்குச் சமம். பதுளை நகரில் 1983 ஜூலை 27இல் எரிந்த வீடுகளில் எதையும் பிரித்து எடுக்க நேரம் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன்கள் அப்படியே புதைந்தன. வன்னியில் இடம்பெயர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. பங்கருக்குள் கொண்டுபோன பையில் எதை வைத்தோம், எதை விட்டோம் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும்.

குறைந்தது மூன்று பிரதி வேண்டும். அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருக்க வேண்டும். பென் டிரைவ் கொண்டு செல்வதற்குத்தான் நல்லது, வைத்துக் காப்பதற்கு அல்ல. இரண்டு வன்தட்டுகள், அவற்றோடு நம்பிக்கையான உறவினரின் கணினி என்று ஒழுங்கு செய்யுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு என்று வைத்துக்கொண்டாலும் சரி, திறந்து சோதியுங்கள். வட்டையும் எறியாதீர்கள்.

ஒவ்வோர் ஒலிக் கோப்போடும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பு வேண்டும். பேசுபவர் யார், எங்கே, எப்போது, யாருக்கு, எந்த நாடாவிலிருந்து எந்த வட்டுக்கு யார் பதிந்தது, நீங்கள் எந்த மென்பொருளில் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். குரலை அடையாளம் காணக்கூடியவர்கள் போன பிறகு இந்த எழுத்துதான் பேசும்.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒலியாக அனுப்பாமல் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு மாறாமல் போகும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் குரல்களில் ஆட்களின் பெயர்களும் இடங்களும் இருக்கும். கடைக்குக் கொடுத்தால் அந்தக் கணினியிலும் ஒரு பிரதி தங்கலாம். முடிந்தால் வீட்டிலேயே எடுங்கள், முடியாவிட்டால் பக்கத்தில் இருந்து அழிக்கச் சொல்லுங்கள். இணையத்தில் பொதுவில் போடுவதற்கு முன் அதில் பெயர் வரும் ஆட்களை நினையுங்கள்.

பொதுவில் இருக்க வேண்டியவையும் உண்டு. காமன் கூத்துப் பாடல்கள், ஒப்பாரிகள், தொழிற்சங்கக் கூட்டப் பேச்சுகள் என்று தோட்டங்களில் பதிந்தவை பல வட்டுகளில் கிடக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தை நடத்துபவர்கள் ‘ஆவணகம்’ என்ற தளத்தில் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கே கொடுப்பது பற்றி யோசிக்கலாம்.

இரைச்சல்

கடைசியாக, நான் செய்த ஒரு தவறு. அண்ணனின் பேச்சு முழுவதும் பின்னால் ஓர் இயந்திரச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்க இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்து, இரைச்சல் நீக்கும் வசதியைப் பாவித்து அதைக் குறைத்து, எம்பி3 ஆக்கி அக்காவின் தொலைபேசியில் போட்டேன். அவரும் கேட்டு அழுதார், நன்றி சொன்னார். அதையே கிளிநொச்சியிலிருக்கும் அண்ணனின் மகளுக்கும் அனுப்பினோம். நாடாவில் “அப்பாயி” என்று சொன்ன குழந்தை அவர்தான். 2009இல் அவருக்குப் பத்து வயது. அப்பாவின் குரல் எந்த வடிவிலும் அவரிடம் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் அழைத்தார். முழுவதையும் பல தடவை கேட்டிருந்தார். “அண்ணா, பின்னால ஏதோ ஒரு சத்தம் வந்து வந்து மறையுது. அதை நீங்கள் எடுத்துப்போட்டீங்களா?” என்று கேட்டார்.

ஆம் என்றேன்.

“அது எங்கட கிணத்து மெசின். அப்பா தோட்டத்துக்குத் தண்ணி விடேக்க ஓடுறது. அதோட இருக்கிறதை அனுப்புங்கோ.”

மூலக் கோப்பை மாற்றாமல் தனியாக வைத்திருந்ததால் அனுப்ப முடிந்தது. ஃபிளாக் வடிவத்தில், ஆவணமாக, இறுவட்டிலிருந்து எடுத்தது ஒன்று, டிவிடியிலிருந்து வந்தது ஒன்று, 11 செக்கன் ஒட்டியது ஒன்று என்று மூன்றையும் அனுப்பினேன். இப்போது அவை பசறையில் அக்காவிடமும், பதுளையில் என் வன்தட்டிலும், கிளிநொச்சியிலும் இருக்கின்றன. எழுத்துக் கோப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘பின்னால் கேட்பது கிணற்றுத் தண்ணீர் இயந்திரம். நீக்க வேண்டாம்.’